போக மட்டும் இரண்டு டிக்கெட்

என் கணவர் பெரம்பலூரில் பஸ் ஏஜெண்டாக இருந்தார். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் ரயிலடிக்குப் போகும் கரி பஸ்ஸுக்கு ஆள் ஏற்றுவதும் டிக்கெட் கிழிப்பதும் அவர் வேலை. கரியைக் கிளற ஒரு கம்பி வைத்திருப்பார்கள். கை நீளம் இருக்கும், ஒரு முனை வளைந்திருக்கும். பழைய கம்பி ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார். எனக்காகத்தான்.

அவர் கத்தமாட்டார். வீட்டுக்குள் வந்ததும் சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் கொடியில் போடுவார். சட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் அன்று ஒன்றுமில்லை. கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தினால் அடி. எதற்கு என்று கேட்டால் இன்றுகூட என்னால் சரியாகச் சொல்ல முடியாது. சோறு குழைந்தது ஒருநாள், குழையாதது ஒருநாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் யாரையோ பார்த்துச் சிரித்தது ஒருநாள். ஆறு மாதக் கர்ப்பத்தில் இடுப்பில் விழுந்த உதையில் என் பிள்ளை போய்விட்டது. வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு ‘அவர்’ என்றுதான் எழுத வருகிறது.

வீட்டில் எங்களோடு அவருடைய அக்கா இருந்தாள். முப்பத்தைந்து வயது, புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை. மீன்சுருட்டிப் பக்கத்தில் புருஷன் விட்டுப்போன கொஞ்சம் நிலம் அவள் பெயரில் இருந்தது. என் நாத்தனார் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் அவர் வந்து கை கழுவும்போதே, “இன்னிக்குப் பக்கத்து வூட்டுக்காரிகிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். அதன்பிறகு அவர் கதவைச் சாத்துவார். அடியைவிட அந்தச் சொல்லைத்தான் நான் அதிகம் வெறுத்தேன்.

பிள்ளை போன பிறகு ஒருமுறை அப்பா வீட்டுக்கு ஓடிப்போனேன். எங்கள் ஊர் ஏலாக்குறிச்சிக்குப் பக்கம். அப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். புத்தியில்லாமல், ஊர் எல்லையில் நின்று அந்தக் கரி பஸ்ஸிலேயே ஏறினேன். கண்டக்டர் சாயந்தரமே அவரிடம் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அவர் வந்தார். அப்பா நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. அடுப்படியில் இருந்த என்னைக் கழுத்தைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்து, அப்பா கண்ணெதிரே செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தார். அப்பா, “மாப்ள, தெருவுல வேணாம் மாப்ள” என்று மட்டும் சொன்னார். அன்று பங்குச் சாமியாரும் வந்து, பொறுத்துக்கொள் மகளே என்று சிலுவை போட்டு அனுப்பினார். திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒன்றுதான் மனதில் ஓடியது. பஸ்ஸும் ஆகாது, அப்பா வீடும் ஆகாது.

என் அண்ணன் கோலார் தங்கவயலில் சுரங்க வேலையில் இருந்தான். அவன் எழுதிய கடிதத்தை அம்மா கோயில் திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக என் கையில் திணித்தாள். ஆடு விற்ற பணம் கொஞ்சமும் அதோடு இருந்தது. “எனக்கு லீவு கிடைக்காது, வந்து கூட்டிப்போக முடியாது. நீயாக வந்து சேர்ந்தால் இங்கே ஒருத்தனும் உன்மேல் கை வைக்க மாட்டான்” என்று எழுதியிருந்தான். தங்கவயல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த மாதமே அவர் என் இடது மணிக்கட்டை உடைத்தார். பெரம்பலூரில் கட்டுப் போட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்று அரியலூருக்கு அழைத்துப்போனார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டு முடிந்ததும் ரயிலடியில் என்னை உட்காரவைத்துவிட்டு, கரி மூட்டைகள் வந்திருக்கிறதா என்று பார்க்க கூட்ஸ் ஷெட்டுக்குப் போனார். அவர் முதுகு மறைந்ததும் நான் எழுந்து டிக்கெட் ஜன்னலுக்குப் போனேன். ஜன்னலுக்குப் பக்கத்தில், அவசியமில்லாமல் ரயிலில் பிரயாணம் செய்யாதீர்கள் என்று சண்டைக்கால நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

உள்ளே கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒரு கிளார்க். “எங்கம்மா?” என்றார், தலை நிமிராமல்.

“கோலார் தங்கவயலுங்க. மூணாங் கிளாஸு. எவ்வளவு ஆகும்னு கேக்கத்தான் வந்தேன்.”

“போயிட்டு வரவா, போக மட்டுமா?”

“போக மட்டும்.”

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். கட்டுப் போட்ட கையையும் பார்த்தார். மெட்ராஸ் வழியாக மெயிலில் போனால் இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். அம்மா கொடுத்ததில் கிட்டத்தட்ட முழுசும் போய்விடும். வழியில் ஒரு வாய் காப்பித் தண்ணிக்குக்கூட மிஞ்சாது. என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார் போல.

“அவசரமாப் போகணுமா?”

“போய்ச் சேரணுங்க. எப்ப சேந்தாலும் சரி.”

அவர் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். “அப்ப மெயிலு வேணாம், பாசஞ்சர்ல போ. மெட்ராஸையும் சுத்த வேணாம். விழுப்புரத்துல எறங்கி காட்பாடி வண்டி ஏறு. காட்பாடியில பெரிய லைனு வண்டி, பங்காருப்பேட்டை வரைக்கும். அங்கேருந்து தங்கவயலுக்குத் தனி வண்டி. தூரமும் கம்மி, சார்ஜும் கம்மி. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அங்கங்க எறங்கித் துண்டு துண்டா டிக்கெட் வாங்கிடாதே. இங்கயே கடைசி வரைக்கும் ஒரே டிக்கெட்டா வாங்கிடு. தூரம் கூடக்கூட மைலுக்குச் சார்ஜு குறையும். துண்டா வாங்கினா அந்தச் சலுகை போயிடும்.”

ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயர்களையும் தொகையையும் பென்சிலால் எழுதி நீட்டினார். மெயிலுக்குச் சொன்ன தொகையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அதை நான் இடுப்பில் செருகும்போது பின்னால் என் கணவர் குரல் கேட்டது.

“அங்க என்ன பேச்சு?”

ஜன்னலுக்குள்ளிருந்து கிளார்க்தான், “குடிக்கிற தண்ணி அந்தப் பக்கம் இருக்கும்மா, இங்க வந்து கேக்குறியே” என்று எரிந்து விழுந்தார். அவர் நம்பினாரா தெரியாது. திரும்பி வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட மணிக்கட்டின்மேல் தன் கையை வைத்து, பெரம்பலூர் வரைக்கும் அழுத்திக்கொண்டே வந்தார். எதிர் சீட்டு ஆளோடு அரிசி கண்ட்ரோலைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். நான் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

காகிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். மூன்றாம் நாள் நாத்தனார் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் புத்தகத்துக்குள் இருக்க வேண்டிய காகிதம் அது இல்லை என்று தெரிந்திருந்தது.

“இது என்ன காயிதம்?”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயந்தரம் அவர் வந்து சட்டையைக் கழற்றியபோது நான் கதவையே பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பத்து நாள் இப்படிப் போயிற்று. அந்தப் பத்து நாளும் அவளைக் கொன்றுவிடலாமா என்று நான் யோசித்தேன். சும்மா சொல்லவில்லை. அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது அவள் கழுத்தைப் பார்த்தபடியே நறுக்கியிருக்கிறேன்.

பதினோராம் நாள் காலை அவர் முத்திரைத் தாள் ஒன்றும் மைப்பெட்டியும் கொண்டுவந்து நாத்தனார் முன்னால் வைத்தார். மீன்சுருட்டி நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“ரேகை வையி.”

“அது எங்க வூட்டுக்காரரு நெலம். வைக்கமாட்டேன்.”

“வையின்னா வையி.”

“நான் செத்தப்புறம் எடுத்துக்க.”

அவர் எழுந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அக்கா மீது கை வைப்பாரென்று நான் நினைக்கவில்லை. நான் ஒருத்தி இருக்கும்போது தன்மேல் விழும் என்று அவளும் நினைக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் போய்க் கம்பியை எடுத்துவந்து, உட்கார்ந்திருந்தவளின் தாடையில் வீசினார். பாக்கு உடைவதுபோல் ஒரு சத்தம். அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார். அவள் கையை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய கையின் மேலேயே அடித்தார், ஒன்று, இரண்டு, மூன்று. முத்திரைத் தாளெல்லாம் மையும் ரத்தமும் ஆகி, அது எதற்கும் உதவாமல் போயிற்று. அதைப் பார்த்ததும் கம்பியைப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். “திருச்சியில வேற தாள் வாங்கியாரேன். நாளைக்குக் காலையில போறேன், நாளை மறுநாள் வருவேன். அதுக்குள்ள புத்தி வரட்டும்” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவள் வாயைக் கழுவிவிட்டேன். இரண்டு பல் என் உள்ளங்கையில் விழுந்தது. அவள் வீங்கிய கையால் மடியைத் தடவி, அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“இதுல என்ன எழுதியிருக்கு, படி.”

படித்தேன். விழுப்புரம், காட்பாடி, பங்காருப்பேட்டை, தங்கவயல்.

“கையில இருக்குறதுல ரெண்டு பேரு போவ முடியுமா?”

மெயிலில் ஒருத்திதான் போகலாம். பாசஞ்சரில் இரண்டு பேர் போகலாம். அப்படித்தான் சொன்னேன். பிறகு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “பத்து நாளா மடியில வச்சிருந்தீங்களே அண்ணி. ஏன் அவருகிட்ட சொல்லல?”

வாயில் ரத்தத்தோடு அவள் பேசியது சரியாக விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னாள். “சொன்னா ஒன்னக் கொன்னுருப்பான். அப்புறம் அடி வாங்க நான் ஒருத்திதானே இருப்பேன்.”

இத்தனை நாள் என்னைப் பற்றிக் கோள் சொன்னதும் அடி தன் பக்கம் திரும்பாமலிருக்கத்தான் என்று அவள் சொல்லாமலே புரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வர நேரமும் இல்லை.

அவர் திருச்சிக்குப் போன நாளே நாங்கள் கிளம்பவில்லை. அன்று நாத்தனாரால் தலையைத் தூக்க முடியவில்லை. மறுநாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். அரியலூர் கூட்ஸ் ஷெட்டுக்குக் கடலை மூட்டை ஏற்றிப் போகும் மாட்டுவண்டி ஒன்றில் இடம் கிடைத்தது. வண்டிக்காரர் நாத்தனாரின் புருஷன் வழியில் ஏதோ உறவு. அவள் தாடையைப் பார்த்தார். மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்துச் சாக்கைப் போர்த்திவிட்டார். பாதி வழியில் கரி பஸ் எங்களைத் தாண்டிப் போனது. பின்னாலிருந்த உருளையிலிருந்து தணல் பறந்து சாக்கில் விழுந்து கருகியது. நாங்கள் அசையவில்லை. நாத்தனார் கையாலேயே அதை அணைத்தாள்.

வெயில் சாயத் தொடங்கும்போது அரியலூர் போய்ச் சேர்ந்தோம். அதே கிளார்க் இருந்தார். “தங்கவயல், போக மட்டும், ரெண்டு” என்றேன். அவர் என்னையும், முகம் வீங்கி ஒரு கண் மூடிய நாத்தனாரையும் பார்த்தார். இரண்டு அட்டை டிக்கெட்டுகளை அச்சுக் குத்தித் தந்தார். “வண்டி லேட்டு. பொம்பளைங்க பெட்டி பின்னால வரும், அங்க போய் நில்லுங்க.”

திருச்சியிலிருந்து வரும் பாசஞ்சர் அது. சாயந்தர பஸ்ஸைப் பிடிக்க அவரும் அதிலேயேதான் வருவார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வண்டி நின்று, எங்கள் பெட்டிக்கு முந்தின பெட்டியிலிருந்து அவர் இறங்கினார். கையில் சுருட்டிய தாள். எங்களைப் பார்த்ததும் முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு என் கையிலிருந்த டிக்கெட்டுகளைப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்துவந்தார்.

என் தலைமுடியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். நான் விழுந்தேன். பிளாட்பாரச் சரளைக்கல்லில் முழங்கால் தேய என்னை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு விலகி வழிவிட்டார்கள். “புருஷன் பொண்டாட்டி சண்டை” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. டிக்கெட்டை மட்டும் நான் விடவில்லை.

பிடி சட்டென்று தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். தூணில் தீயணைக்க மாட்டி வைத்திருந்த மணல் வாளியை நாத்தனார் இரண்டு கையாலும் தூக்கி அவர் தலையில் இறக்கியிருந்தாள். காதுக்குப் பின்னால் பிளந்து சட்டையெல்லாம் சிவந்தது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவள் இன்னொரு முறை தூக்கித் தோளில் அடித்தாள். மூன்றாம் முறை தூக்கியபோது டிக்கெட் கிளார்க் ஓடிவந்து வாளியைப் பிடித்துக்கொண்டார்.

“எம் பொண்டாட்டி சார் அவ” என்று என் கணவர் எழுந்தார். “அது எங்க அக்கா. கூட்டிக்கிட்டுப் போறேன், நீங்க தள்ளுங்க.”

“அவங்க கையில டிக்கெட் இருக்கு. உன் டிக்கெட்டு அரியலூரோட முடிஞ்சுது. வெளிய போ” என்றார் கிளார்க். வழியை விட்டு நகராமல் நின்றார். இரண்டு போர்ட்டர்கள் வந்து என் கணவரைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் ஓடிப்போய்ப் பெட்டியில் ஏறினோம்.

விசில் ஊதி வண்டி அசைந்தபோது அவர் போர்ட்டர்களை உதறிவிட்டு ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தார். உள்ளே கையை விட்டு, கட்டுப் போட்ட என் மணிக்கட்டைப் பற்றினார். அந்த வலியில் எனக்குக் கண் இருட்டியது. மேலே தூக்கி மாட்டியிருந்த பலகை ஷட்டரின் கொக்கியை வலது கையால் தட்டிவிட்டேன். அது இறங்கியதும் என் உடம்பையெல்லாம் அதன்மேல் சாய்த்து அமுக்கினேன். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் அவர் விரல்கள் மாட்டின. சுள்ளி ஒடிவதுபோல் கேட்டது. அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரே முறைதான். விரலை எடுக்க முடியாமல் வண்டியோடு ஓடிவந்தார்.

“தூக்காதே” என்றாள் நாத்தனார். “வுடாதே. அப்படியே சாவட்டும்.”

பிளாட்பாரம் முடியப் போகிறது என்று தெரிந்தது. நான் ஷட்டரைத் தூக்கிவிட்டேன். அது இரக்கம் என்று சொன்னால் பொய். வண்டிக்கடியில் அவர் போனால் வண்டியை நிறுத்துவார்கள் என்று பயந்தேன். நாத்தனார் இதற்காக என்னை வெகுநாள் திட்டினாள்.

மடியில் பிள்ளையோடிருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள். ஷட்டரின் விளிம்பில் ஒட்டியிருந்த ரத்தத்தை நான் முந்தானையால் துடைத்தேன். விழுப்புரத்திலும் காட்பாடியிலும் காக்கிச் சட்டை தெரியும்போதெல்லாம் எங்களைப் பிடிக்கச் சொல்லித் தந்தி வந்திருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டோம். யாரும் வரவில்லை. மறுநாள் தங்கவயலில் இறங்கி, அண்ணன் வேலை செய்யும் சுரங்கத்தின் பெயரைச் சொல்லி விசாரித்து, தொழிலாளர் லைன் வீட்டுக்கு நடந்தே போனோம். அண்ணன் மனைவி கதவைத் திறந்து, “ரெண்டு பேரா?” என்றாள். ஒரே அறை உள்ள வீடு. அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அவர் விரல் இரண்டை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள் என்று அம்மா எழுதினாள். பஸ்ஸில் கை மாட்டிக்கொண்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாராம். எங்களைத் தேடி அவர் வரவில்லை. சாமியார் மூலம் ஒரு கடிதம் மட்டும் போட்டார். என்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தது. அண்ணன் அதை அடுப்பில் போட்டான். மீன்சுருட்டி நிலம் நாத்தனார் பெயரிலேயே இருந்தது. ஆனால் அதில் விளைந்ததை யார் யாரோ தின்றார்கள்.

நாத்தனார் தங்கவயல் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். சுரங்கத்தில் பாறை வெடித்து நசுங்கி வருகிறவர்களைத் துடைத்துவிடுவது அவள் வேலை. எனக்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லும் வேலை கிடைத்தது. இரண்டாம் வருஷம், வீட்டுப்பாடம் எழுதிக் கொண்டுவராத ஒரு சிறுமியைப் பிரம்பால் அடித்தேன். ஒன்றோடு நிறுத்தவில்லை. ஆறோ ஏழோ அடித்த பிறகு, அவள் தன் கையை இறுக்கி மூடிக்கொண்டிருப்பதையும் நான் அந்த மூடிய கையின் மேலேயே அடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரம்பைத் தலைமையாசிரியை மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிறுமியின் வீடு எங்கே என்று கேட்டாள். இருவரும் நடந்து போனோம். சிறுமியின் அம்மா எங்களை உள்ளே விடவில்லை. வாசலில் நின்றே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தோம்.